காமிராவைப் பார்த்த ஆள்

இத்தாலி என்றொரு தேசம் இருப்பது எங்கள் வீட்டுக்கு இரண்டு பேர் மூலமாகத் தெரிந்திருந்தது. ஒருவர் மாமா, இன்னொருவர் அப்பா. மாமா மொரீஷியஸ் தீவை விட்டு வெளியே கால் வைத்ததில்லை. ஆனால் இத்தாலியைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. அப்பா அந்த நாட்டுக்கே போனவர். அவருக்கு அங்கே என்ன ஆயிற்று என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

அப்பா யுத்தத்துக்குப் போனபோது நான் நடக்கப் பழகிக்கொண்டிருந்தேனாம். தீவிலிருந்து நிறையப் பேர் போனார்கள். பட்டாளத்துக்குச் சாலை போடுவதும் மூட்டை இறக்குவதும்தான் அவர்களுக்கு வேலை. முதலில் எகிப்து, பிறகு இத்தாலி. யுத்தம் முடிந்ததும் மற்றவர்கள் கப்பலில் வந்து இறங்கினார்கள். அப்பா இறங்கவில்லை. காணாமல் போனவர் என்று சர்க்காரில் சொன்னார்கள். செத்தார் என்றும் சொல்லவில்லை, இருக்கிறார் என்றும் சொல்லவில்லை. அம்மா நெற்றியில் பொட்டும் கழுத்தில் தாலியுமாக அப்படியே இருந்தாள்.

நாங்கள் வக்குவாவில் பெரியப்பா வீட்டில் இருந்தோம். பெரியப்பா அப்பாவின் அண்ணன். சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. அவருக்கு ஒரே பெண். நான் அக்கா என்று கூப்பிடும் அவளுக்கு ரிவியேர் டு ராம்பாரில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் மாப்பிள்ளையாகத் தயாராக இருந்தார். ஆனால் கல்யாணம் மட்டும் நடக்கவில்லை. சாவு நடந்ததா இல்லையா என்று தெரியாத வீட்டில் எப்படி மணவறை போடுவது என்று மாப்பிள்ளை வீட்டார் இழுத்தார்கள். கோயில் ஐயரும் அதையே சொன்னார். இத்தனை வருஷம் தகவலே இல்லாதவருக்கு, தர்ப்பையில் ஓர் உருவம் செய்து காரியம் பண்ணிவிடலாம், சாஸ்திரத்தில் இடம் இருக்கிறது என்றார். அம்மா ஒப்புக்கொண்டால் போதும்.

அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. சண்டை போடவும் இல்லை. அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எழுந்து போய் அடுப்பில் ஏதாவது ஒரு பாத்திரத்தைக் கிளறுவாள். அக்கா துணிக்கு இஸ்திரிப் பெட்டி போடும்போது சத்தமில்லாமல் அழுவாள். யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. அதனாலேயே வீட்டில் இருப்பு கொள்ளவில்லை.

இந்த வீட்டுக்குத்தான் மாமா வந்து சேர்ந்தார். அம்மாவின் கடைசித் தம்பி. சுயாக்கில் பிறந்து வளர்ந்தவர், போர் லூயியில் வேலை கிடைத்ததால் எங்களோடு தங்கி ரயிலில் போய்வந்தார். அம்மாவின் கல்யாணத்தின்போது அவர் அரை டிராயர் பையன். அப்பாவை நாலைந்து தரம் பார்த்திருந்தால் அதிகம். மாமாவுக்கு உலகத்தில் சினிமா ஒன்றுதான் உண்டு, அதிலும் இத்தாலியச் சினிமா ஒன்றுதான் சினிமா. பிரெஞ்சுப் பத்திரிகைகளில் அதைப் பற்றிப் படித்துப் படித்து, தலைமுடியைக்கூட அந்த ஊர் நடிகர்களைப் போல எண்ணெய் வைத்துப் பின்னால் வாரிக்கொண்டார். வக்குவா மழையில் நனைந்து வீட்டுக்கு வரும்போது அந்த முடி நெற்றியில் வழிந்து, பாவம், பார்க்கச் சகிக்காது.

எங்கள் வீட்டில் பேச்செல்லாம் கிரியோல்தான். தமிழ், உறவுமுறைக்கும் கோயிலுக்கும் மிஞ்சினது. பின்னாளில் நான் தமிழ் வாத்தியாரம்மா ஆகிவிட்டதால், அவர்கள் சொன்னதையெல்லாம் தமிழாக்கியே எழுதுகிறேன். தமிழ் அவர்கள் வாயில் இவ்வளவு தடையில்லாமல் வந்ததென்று யாரும் நம்பிவிட வேண்டாம்.

ஒருநாள் சாப்பாட்டின்போது மாமா வழக்கம்போல ஆரம்பித்தார். யுத்தத்தில் அந்த நாட்டின் ஸ்டூடியோக்கள் நாசமாகிவிட்டனவாம். அதனால் படம் எடுக்கிறவர்கள் காமிராவைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார்களாம். இடிந்த வீடு நிஜமாகவே இடிந்த வீடு. மீன்காரனாக வருகிறவன் மீன்காரனேதான். டைரக்டர் சந்தையில் பார்த்து, முகம் பிடித்துப்போய், வா என்று கூட்டிக்கொண்டு வந்திருப்பார். பேசத் தெரியாவிட்டாலும் குற்றமில்லை, குரலைப் பிறகு வேறொருவர் கொடுப்பார். தெருவில் போகிற வருகிற ஜனங்களுக்குத் தாங்கள் படத்தில் இருப்பதே தெரியாது.

அம்மா பரிமாறிக்கொண்டிருந்தவள் கரண்டியோடு நின்றுவிட்டாள்.

"தெருவுல போறவங்க நெசமான ஆளுங்களா?" என்று கேட்டாள்.

மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. அவர் பேச்சை மதித்து அந்த வீட்டில் ஒருவர் கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை. சனிக்கிழமை வக்குவா கொட்டகைக்கு அப்படி ஒரு படம் வருகிறது, நானே கூட்டிப் போகிறேன் என்றார். கோயிலையும் சந்தையையும் தவிர எங்கும் போகாத அம்மா வருகிறேன் என்றாள். துணைக்கு என்னையும் அழைத்துக்கொண்டாள். அப்போது எனக்கு ஒன்பது வயது.

சனிக்கிழமை மத்தியானம் மூடுபனியும் தூறலுமாக இருந்தது. வக்குவாவில் அது ஒரு விசேஷமில்லை. கொட்டகைக்குத் தகரக் கூரை. மழை வலுத்தால் படத்தில் பேசுவது கேட்காது. மாமா பெருமைக்கு மாடி டிக்கெட் எடுத்திருந்தார். விளக்கு அணைந்ததும், பனி உள்ளேயும் வந்துவிட்டதோ என்னவோ, எங்கள் தலைக்கு மேலே போன வெளிச்சம் புகையாகச் சுழன்றது. எனக்குத் தூக்கமா விழிப்பா என்று தெரியாத ஒரு சுகம். அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டேன்.

கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு துறைமுகப் பட்டணம். பிள்ளைக்குக் காய்ச்சல், தாய் மருந்து தேடி நடக்கிறாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை நடக்கிறாள். சுவர் மட்டும் நிற்கும் வீடுகள், கயிற்றில் காயும் துணிகள், படிக்கட்டுகள், கழுதைகள், கடல். பாட்டும் இல்லை, சண்டையும் இல்லை. கீழே மூன்றாம் வகுப்பிலிருந்து சீட்டியடித்தார்கள். பாட்டு எங்கே என்று ஒருவர் காசைத் திருப்பிக் கேட்டார். மழை வந்து தகரத்தில் கொட்டியதும் அவர்கள் சத்தமும் அடங்கிவிட்டது, படத்தின் சத்தமும் அடங்கிவிட்டது. அந்தப் பெண் ஊமைப் படத்தில்போல நடந்துகொண்டே இருந்தாள். அவள் முகத்தை எல்லோரும் பார்த்தார்கள். அம்மா அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் போகிறவர்களைப் பார்த்தாள். கோடியிலிருந்து கோடிக்கு அம்மாவின் தலை மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது எனக்குத் தோளில் தெரிந்தது.

அந்தப் பெண் ஒரு ரொட்டிக் கடை வரிசையைத் தாண்டிப் போகிறாள். வரிசை நீளமானது. அதில் ஓர் ஆள், கறுத்தவர், இடது தோளில் ஒரு பெண் குழந்தையை உட்கார வைத்திருந்தார். குழந்தையின் கணுக்காலை இரண்டு விரலால் கொலுசு போட்டதுபோல வளைத்துப் பிடித்திருந்தார். பக்கத்தில் நின்ற ஒருத்தி அவர் சட்டைக் காலரைச் சரி செய்தாள். அவர் எதற்கோ சிரித்துவிட்டு, திரும்பி, நேராக எங்களைப் பார்த்தார்.

மாமா துள்ளி உட்கார்ந்து அம்மாவின் கையைத் தட்டினார். "பாருக்கா, அந்த ஆளைப் பாரு. காமிராவைப் பார்த்துட்டான். பார்க்கக் கூடாதுன்னு எத்தனை சொன்னாலும் சில பேருக்குப் புரியாது. டைரக்டரும் வெட்டாம விட்டுட்டார் பாரு."

இத்தாலியர்கள் செய்த ஒரு தப்பைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் அவருக்கு. அம்மாவின் தோள் விறைத்துப்போய், தலை சாய்த்துக்கொள்ள வசதியில்லாமல் ஆகிவிட்டது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதற்குள் வரிசை போய்விட்டது, அந்தப் பெண் வேறு தெருவில் நடந்துகொண்டிருந்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அந்தப் படத்தை இன்னொரு தரம் பார்க்க வேண்டும் என்றாள் அம்மா. மாமா பூரித்துப்போனார், தன் ரசனை அக்காவுக்கும் வந்துவிட்டது என்று பெரியம்மாவிடம் சொல்லிக்கொண்டார். ஆனால் அவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு என்னை மட்டும் அழைத்துப் போனாள். மாடிக்கும் போகவில்லை. பெண்கள் யாரும் உட்காராத மூன்றாம் வகுப்பில், திரைக்கு அடியில், முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். கடலை கொறித்துக்கொண்டிருந்த ஆண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. அங்கிருந்து பார்த்தால் ஒவ்வொரு முகமும் ஒரு வீட்டு அளவு. அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது.

ரொட்டிக் கடை வரிசை வந்ததும் அம்மா எழுந்து நின்றுவிட்டாள். திரைக்கு வெகு அருகில் இருந்ததால் அவள் தலையின் நிழல், கொண்டையும் முந்தானையுமாக, அந்த வரிசைக்குள் விழுந்தது. பின்னாலிருந்து உட்காரச் சொல்லிக் கத்தினார்கள். அவள் காதில் விழவில்லை. அந்த ஆள் சிரித்தார், திரும்பினார், பார்த்தார். அம்மாவின் நிழல் அவருக்குப் பக்கத்தில், அவரும் ரொட்டிக்கு நிற்கிறார், இவளும் ரொட்டிக்கு நிற்கிறாள் என்பதுபோல நின்றது. எனக்கு அம்மாவைப் பார்க்கப் பயமாக இருந்தது. சேலையைப் பிடித்து இழுத்தேன். வரிசை போனபிறகுதான் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும், போகலாம் என்றாள். அந்தப் பிள்ளைக்கு மருந்து கிடைத்ததா என்று முதல் நாள்தான் பார்த்திருந்தோமே, ஆகவே நானும் எழுந்துகொண்டேன்.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. அம்மா தலையில் முந்தானையைப் போட்டுக்கொள்ளவில்லை. அவள் முகம் ஈரமாக இருந்தது மழையால்தான் என்று நினைத்தேன். சும்மா நடக்கப் பிடிக்காமல், அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருந்த அந்தக் குழந்தைக்குப் பயமாக இருக்காதா என்று கேட்டேன்.

அம்மா கொஞ்ச தூரம் நடந்தாள்.

"பயப்படாது," என்றாள். "அதோட அப்பா கெட்டியாப் பிடிச்சிருக்கார்."

வீட்டுக்கு வந்து சேலை மாற்றிக்கொண்டு நேராகச் சமையலறைக்குப் போனாள். புருஷனின் அண்ணனோடு நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் இல்லை. பெரியப்பா அடுத்த அறையில் உட்கார்ந்திருக்க, அவருக்குக் கேட்கும்படி பெரியம்மாவிடம் சொன்னாள்.

"அக்கா, காரியத்துக்கு நாள் பார்க்கச் சொல்லுங்க. மோ தக்கோர்."

எனக்குச் சம்மதம் என்ற அந்த ஒரு வார்த்தையைக் கிரியோலில் எழுதினால்தான் அம்மாவின் குரல் என் காதில் விழுகிறது. பெரியம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அக்கா வந்து அம்மாவின் காலில் விழுந்தாள். அந்த ஊர் இடிந்து கிடந்த கிடப்பைக் கண்ணால் பார்த்ததும் தன் அக்காவுக்கு உண்மை விளங்கிவிட்டது, ஒரு நல்ல படம் இப்படித்தான் மனசைத் தெளிய வைக்கும் என்று மாமா கண்கலங்கச் சொன்னார். அத்தனை பேரும் அதை ஒப்புக்கொண்டார்கள். நானும்தான். அப்பா செத்துப்போனார் என்பதை அம்மா அந்தப் படத்தில் தெரிந்துகொண்டாள் என்றே வெகு காலம் நம்பியிருந்தேன்.

எனக்கு ஒரு பெண் பிறந்து, என் வீட்டுக்காரர் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பிய ஒரு தைப்பூசத்தன்று, தள்ளாத வயதில் நாற்காலியில் இருந்த பெரியப்பா சொன்னார், உன் அப்பனும் உன்னை இப்படித்தான் தூக்குவான், இடது தோளில் வைத்து, காலை இரண்டே விரலால் வளைத்துப் பிடிப்பான், விழுந்துவிடுமேடா என்று நான் திட்டுவேன் என்று. அப்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த நாட்டுத் தெற்கத்தி மனிதர்களில் எங்களைப் போல் கறுத்தவர்கள் உண்டு என்று மாமாவே சொல்லியிருக்கிறார்; எல்லா ஊரிலும் அப்பாக்கள் பிள்ளையைத் தூக்கத்தான் செய்கிறார்கள். அது அவர்தானா என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. அம்மாவுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. செத்திருக்கலாம் என்று எல்லோரும் சொன்னபோது தாலியைத் தொடவிடாதவள், உயிரோடு பார்த்த மறுநாள் கழற்றச் சம்மதித்தாள்.

அம்மா அன்று சம்மதித்த காரியம் ஆற்றங்கரையில் நடந்தது. ஐயர் தர்ப்பையை முறுக்கித் தலை, கை, கால் வைத்து ஓர் அப்பாவைச் செய்தார். எனக்கு அது பொம்மைபோல இருந்ததால் கேட்டுப் பார்த்தேன், பெரியம்மா அதட்டினாள். அப்பாவுக்கு மகன் இல்லாத குறைக்குப் பெரியப்பாவே தண்ணீர் விட்டு, பிண்டம் வைத்து, உருவத்துக்குத் தீ வைத்தார். தர்ப்பை ஈரமாக இருந்ததால் புகைந்து புகைந்து வெகு நேரம் எரிந்தது. பெண்கள் கூடி நிற்க, தாலியை மற்றவர்கள் தொடுமுன் அம்மா தானே கழற்றிக் கொடுத்தாள். அழவில்லை. அழுகிறவர்கள் சுற்றிலும் நிறைய இருந்தார்கள்.

பிறகு வாழையிலையில் சோற்றுருண்டையைக் கல்லின் மேல் வைத்துவிட்டு எல்லோரும் தள்ளி நின்றோம். எங்கள் பக்கத்தில் காக்கை கிடையாது, மைனாவைத்தான் எதிர்பார்ப்பார்கள். போனவர் மனசு குறையோடு இருந்தால் பறவை கிட்ட வராது என்று ஐயர் சொல்லியிருந்ததால் பெரியப்பா கைகூப்பியபடி மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கொழுத்த மைனா ஒன்று தத்தித் தத்தி வந்து, உருண்டையின் நடுவிலேயே அலகை விட்டு அவசர அவசரமாகத் தின்னத் தொடங்கியது.

"தம்பி ஏத்துக்கிட்டான்," என்று பெரியப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார்.

அம்மாவிடமிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது. திரும்பிப் பார்த்தால், பொட்டில்லாத முகத்தோடு சிரித்துக்கொண்டிருந்தாள். அலகெல்லாம் சோறாக அந்த மைனா தின்ற தினுசைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று நினைத்து, நானும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.