மற்றும் குழுவினர்

சொந்தமாக, தனி ஆளாக நாடகம் போடுகிறவள் நான். திருமுல்லைவாயில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் ஆண்டு விழாவுக்கு அழைத்திருந்தார்கள். போய்ப் பார்த்தால், பேனரில் என் பெயரே இல்லை. விளம்பரம் கொடுத்த ஸ்வீட் கடையின் பெயருக்குக் கீழே வெறும் ‘கலைநிகழ்ச்சி’ என்றிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஸ்வீட் கடை பேரை இவ்ளோ பெருசா போடத் தெரியுது, நடிக்கிறவ பேரைப் போடத் தெரியாதா?” என்று குடியிருப்புச் சங்கச் செயலாளரிடம் கத்தினேன்.

“அடுத்த வருஷம் போட்டுக்கலாம் மேடம்” என்றார் அவர்.

ஆறு வருடமாக என் நாடகங்களுக்குப் பறை வாசிக்கும் சேகர் பக்கத்தில் நின்றிருந்தார்.

“நல்லா கேட்டீங்கக்கா. இத்தினி வருஷமா நீங்க அடிக்கிற நோட்டீஸ்ல என் பேரு எங்க கீது?”

பையிலிருந்த நோட்டீஸை எடுத்துப் பார்த்தேன். என் பெயருக்குக் கீழே ‘மற்றும் குழுவினர்’. அந்தக் குழுவே அவர் ஒருவர்தான்.

செயலாளர் மேல் இன்றும் எனக்குக் கோபம் தீரவில்லை. ஆனால் அவர் என் பெயரை விட்டது ஒரே ஒரு நாள்.