சிங்காநல்லூரில் ஒரு டீ

பீளமேட்டு ஏர்போர்ட் டாக்ஸி ஸ்டாண்டில் எங்கள் அப்துல் நாசர் பாய்க்கென்று தனிச் சவாரி உண்டு. பம்பாயிலிருந்து ஒரு மகன் வந்து இறங்குவான். அப்பாவுக்குச் சீரியஸ் என்று மட்டும் அவனிடம் சொல்லியிருப்பார்கள். ஊரில் பாடையே கட்டத் தொடங்கியிருப்பார்கள். வீட்டுக்காரர்கள் ஸ்டாண்டுக்குப் போன் போட்டு, நாசர் பாயையே அனுப்புங்க, வழியில் எதுவும் சொல்லிவிட வேண்டாம் என்பார்கள்.

பாய் சொல்ல மாட்டார். மழை, மில், நூல் விலை என்று பேசிக்கொண்டே அம்பாசடரை ஓட்டுவார். சிங்காநல்லூரில் ஒரு பேக்கரி முன்னால் நிறுத்தி, "ஒரு டீ குடிச்சுப்போட்டுப் போலாமுங்க" என்பார். ஒரு தேங்காய் பன்னையும் வாங்கிக் கையில் திணிப்பார். சாவு வீட்டில் பிணம் எடுக்கும்வரை அடுப்பு எரியாது, வெறும் வயிற்றோடு எப்படிக் கொள்ளி வைப்பான் என்பது அவர் கவலை. அதே ஸ்டாண்டில் வண்டி ஓட்டும் எனக்கு இந்த வேலை ஆகவே ஆகாது. செத்ததை மறைத்து டீ வாங்கிக் கொடுப்பதெல்லாம் ஒரு பிழைப்பா என்று அவரிடமே சண்டை போட்டிருக்கிறேன்.

"தெரிஞ்சா தொண்டையில எறங்காதுங்க கிருஷ்ணா" என்று சொல்லிவிட்டு வண்டி துடைக்கப் போய்விடுவார்.

தொண்ணூற்று நாலு ஐப்பசியில் அவருடைய ஒரே மகள் சாஜிதா பேகத்துக்குத் தலைப்பிரசவம். முந்தின நாளே வலி எடுத்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். பிள்ளை திரும்பிக் கிடக்கிறதாம். ஆம்பளைக்கு இங்கே என்ன வேலை என்று மனைவி உம்மல் குல்சும் விரட்டிவிட, மனுஷன் ஒன்றும் சாப்பிடாமல் ஸ்டாண்டுக்கு வந்து, ஆனைமலைச் சவாரி ஒன்றை ஏற்றிக்கொண்டு போனார்.

அவர் போன பிறகு மருமகன் ரசாக் போன் செய்தான். தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. மாமா வண்டி ஓட்டிக்கொண்டு வருவார், சொல்லிவிடாதீர்கள், நீங்களே கூட்டிவாருங்கள் என்று அழுதான். ஸ்டாண்டில் அத்தனை பேரும் என் மூஞ்சியையே பார்த்தார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. இந்தப் பொய்யைச் சொல்லிச் சொல்லிப் பழகிய மனுஷனிடமே நான் போய் அதைச் சொல்ல வேண்டும்.

சாயங்காலம் வந்து இறங்கும்போதே, போன் வந்ததா என்றுதான் கேட்டார். வலி அதிகமாக இருக்கிறதாம், வாங்க போகலாம், நானே ஓட்டுகிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டேன். வழியெல்லாம் பேச்சுதான். பேத்தி பிறந்தால் நிதா என்று பேர் வைக்க வேண்டுமாம்.

சிங்காநல்லூர் வந்தது. நிறுத்தினால் அவருக்குத் தெரிந்துவிடும். நிறுத்தாவிட்டால், நேற்றிலிருந்து பட்டினி கிடக்கும் மனுஷன் அப்படியே போய் மகள் முகத்தைப் பார்க்க வேண்டும். நான் பேக்கரி முன்னால் நிறுத்தினேன்.

"பாய், ஒரு டீ குடிச்சுப்போட்டுப் போலாமுங்க."

பேக்கரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் ஸ்டியரிங்கை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கதவைத் திறந்து இறங்கினார். தேங்காய் பன்னைப் பிட்டுப் பிட்டு வாயில் போட்டு, ஒவ்வொரு வாய்க்கும் டீயை ஊற்றி ஊற்றி இறக்கினார். பாதியில் இருமல் வந்தது. அப்படியும் விடாமல் முழுவதையும் தின்று, கை கழுவினார்.

கதவைப் பிடித்துக்கொண்டுதான் வாயைத் திறந்தார்.

"இன்னொரு பன்னு கட்டித் தரச் சொல்லுங்க கிருஷ்ணா. குல்சும் ஒண்ணுமே தின்னிருக்க மாட்டா."