படத்தில் விழாத வள்ளித்தாய்

நாரணாபுரத்து வள்ளித்தாயை எந்தக் கல்யாண வீட்டிலும் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம். வாசற்படிக்குப் பக்கத்தில் பாருங்கள், இருப்பாள். மொய் எழுதுகிறவர்கூட நடுவில் எழுந்து உள்ளே போய் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வருவார். இவள் அசைய மாட்டாள். பந்தியில் கடைசி இலை அவளுக்கு. பஸ்ஸில் படிக்கட்டை ஒட்டிய சீட்டு. சினிமாக் கொட்டகையில், வெளியே போகும் வழி என்று சிவப்பு விளக்கு எரியுமே, அதற்கு நேர் கீழே. அங்கிருந்து பார்த்தால் கதாநாயகன் கோணலாகத்தான் தெரிவான் என்று அவள் கணவன் சின்னச்சாமி சலித்துக்கொள்வான்.

"கோணலாத் தெரிஞ்சாலும் கதை புரியுதுல்ல, பேசாம பாருங்க" என்பாள்.

ஊரில் இதற்கு ஆளுக்கொரு விளக்கம் வைத்திருந்தார்கள். திமிர் என்றாள் நாத்தனார். வெட்கம் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. இரண்டுமே இல்லை. பட்டாசு வேலைதான் காரணம்.

வள்ளித்தாய் பிறந்தது தாயில்பட்டியில். அடுத்தவர் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த அவள் அம்மாவும் அப்பாவும், வானம் ஏமாற்றிய ஒரு வருஷத்தில் பட்டாசு ஆலைக்குப் போனார்கள். அப்புறம் காட்டுப் பக்கம் திரும்பவில்லை. பன்னிரண்டாம் வகுப்பை நல்ல மார்க்கோடு முடித்த மகள் டீச்சர் வேலைக்குப் படிக்க வேண்டும் என்றாள். பார்க்கலாம் என்றார் அப்பா. அந்தப் பக்கத்தில் அப்பாமார்கள் பார்க்கலாம் என்று சொன்னால் அதற்குக் கல்யாணம் என்று அர்த்தம். கல்யாணமாகி நாரணாபுரம் வந்த பிறகு, அங்கேயும் பட்டாசு ஆலைதான் அவளுக்குக் கதவைத் திறந்தது.

கதவு என்று சும்மா சொல்லவில்லை. வெடிமருந்து கையாளும் அறை சின்னதாக, தனித்தனியாக, வேப்பமரங்களுக்கு நடுவே இருக்கும். நாலு பேருக்கு மேல் உள்ளே உட்காரக்கூடாது. நாலு பக்கமும் வாசல். ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் ஒருவர்மேல் ஒருவர் விழாமல் ஓட வேண்டுமல்லவா? அதற்காக ஆளுக்கொரு வாசல். முதல் நாள் போர்மேன் ஆண்டிச்சாமி அவளைக் கூட்டிக்கொண்டு போய், அவள் வாசலைக் காட்டினார்.

"கை வேலையப் பாக்கட்டும் தாயி. கண்ணு இந்த வாசலப் பாத்துக்கிட்டே இருக்கணும்."

அப்படியே பழகினாள். சில வருஷம் கழித்து ஒரு மத்தியானம் நிஜமாகவே அந்த வாசல் வழியாகப் பாய வேண்டி வந்தது. பாய்ந்தாள், பிழைத்தாள். அதற்குப் பிறகு பழக்கம் ரத்தத்தில் ஊறிவிட்டது. அந்த மத்தியானத்தைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை. ஆலை மூடி, திறந்ததும், வேறு அறையில் போய் உட்கார்ந்து மறுபடி பட்டாசுச் சரம் பின்னினாள். வேறு எங்கே போவது?

போவதற்கு ஒரு இடம் இருந்தது. ஊரில் பொன்னுத்தங்கம் என்ற அம்மாள் மழலையர் பள்ளி நடத்திவந்தார். பிள்ளைகளை வள்ளித்தாய் கையாளுகிற விதம் அவருக்குப் பிடித்துப்போயிருந்தது. ஆனால் பள்ளிக்கூடத்துக்கு அங்கீகாரம் வாங்கும் நேரம். பட்டயப் படிப்பு முடித்தவர்கள்தான் வகுப்பெடுக்கலாம்.

"படிப்பு இல்லாம வந்தா ஒன்னய ஆயான்னுதான் வச்சுக்கிட முடியும் வள்ளி. அதுக்கு நீ சரம் பின்னுததே மேல். படிச்சுட்டு வா, டீச்சரா வா. ஜூன் வரைக்கும் ஒனக்காக எடத்தப் போட்டுவைக்கேன்."

மருந்து அறையைவிட்டு வெளியே வர அவளுக்கு வாய்த்த ஒரே வழி அது. அவள் வேண்டாத சாமி இல்லை.

ஒரு பல்கலைக்கழகத்தில் அஞ்சல் வழியில் மழலையர் கல்விப் பட்டயத்துக்குச் சேர்ந்தாள். ஞாயிறு வகுப்புகளுக்கு மதுரைக்குப் போக வேண்டியிருக்குமே, மகனை யாரிடம் விடுவது என்று அவள் மறுகிக்கொண்டிருந்தபோது ஒரு நல்ல சேதி வந்தது. இந்த வருஷத்திலிருந்து மதுரைக்கு வர வேண்டாம்; அந்தந்த ஊர்க் கம்ப்யூட்டர் சென்டரிலேயே வீடியோ வகுப்பு; டீச்சர் சென்னையில் இருந்தபடி நேரடியாகப் பாடம் எடுப்பார், நீங்களும் கேள்வி கேட்கலாம். இரண்டாயிரத்து எட்டாம் வருஷத்தில் அது பெரிய அதிசயம். சின்னச்சாமி தன் லோடு ஆட்டோவில் போகிற வழியெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

சிவகாசியில் பாலகுருவின் கம்ப்யூட்டர் சென்டர் மாடியில் இருந்தது. ஒரே அறை, ஒரே கதவு, கண்ணாடிக் கதவு. ஜன்னல்களையெல்லாம் ஏசிக்காக அடைத்திருந்தார்கள். முன்னால் ஒரு பெரிய டிவி, அதன் தலையில் ஒரு கேமரா. வள்ளித்தாய் உள்ளே நுழைந்து நாலு சுவரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். அப்புறம் ஒரு நாற்காலியை இழுத்துக் கதவோரமாகப் போட்டு, செருப்பைக் கழற்றிக் கதவிடுக்கில் சொருகி, உட்கார்ந்தாள்.

"யக்கா, ஏசி பூராம் தெருவுக்குப் போகுது" என்றான் பாலகுரு.

"போகட்டும் தம்பி. தெருவுல நடக்கவுகளுக்கும் வேர்க்கத்தான செய்யுது."

பட்டாசு ஊர்களிலிருந்து வந்த இன்னும் சில பெண்களும் சொல்லி வைத்ததுபோல் அவளைச் சுற்றி நாற்காலி போட்டார்கள். ஆனால் ஒரு மாசத்துக்குள்ளேயே வெக்கை தாங்காமல், ஏசிக்கு ஆசைப்பட்டு ஒவ்வொருத்தியாக உள்ளே நகர்ந்துவிட்டார்கள். வள்ளித்தாய் மட்டும் புழுங்கிக்கொண்டு அங்கேயே கிடந்தாள்.

பாடம் எடுத்தது எழில் என்ற பேராசிரியை. படம் அவ்வப்போது நின்றுவிடும். வாய் ஒரு பக்கமும் குரல் ஒரு பக்கமும் போகும். ஆனாலும் அந்த அம்மாள் பாடம் நடத்தினால் பொழுது போவது தெரியாது. முயலாகத் துள்ளுவார், மழையாகக் கையை ஆட்டுவார். வள்ளித்தாய்க்கு ஆயிரம் கேள்வி வரும். மைக் ஒயரோ கதவுவரைக்கும் எட்டாது. அதனால் இவள் அங்கிருந்து சத்தமாகக் கேட்பாள். முன்வரிசையில் இருந்த பானுப்பிரியா அதை மைக்கில் சொல்வாள்.

"அழுதுக்கிட்டே வர்ற பிள்ளைய மொதல்ல தூக்கணுமா, பேரக் கேக்கணுமா மேடம்?"

"பானுப்பிரியா, அருமையான கேள்வி!" என்பார் எழில். பானுப்பிரியா நெளிந்துகொண்டே திரும்பி வள்ளித்தாயைப் பார்ப்பாள். எழுந்து உண்மையைச் சொல்வதற்குள் எழில் பதிலில் இறங்கியிருப்பார். வள்ளித்தாய் கையை அசைத்து, இருக்கட்டும் என்பாள்.

தேர்வு நெருங்கியது. எல்லோருக்கும் ஹால் டிக்கெட் வந்தது, வள்ளித்தாய்க்கு வரவில்லை. வருகை போதாதாம். ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் வந்தவளுக்கு வருகை இல்லை!

பாலகுரு பல்கலைக்கழகத்துக்குப் போன் போட்டு விசாரித்தான். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. ஆரம்பத்தில் தலையைக் காட்டிவிட்டுப் பலர் நழுவிவிடுகிறார்கள் என்று, வகுப்பின் நடுவே மெஷினே சொல்லாமல் கொள்ளாமல் அறையைப் படம் பிடிக்குமாம். அந்தப் படத்தில் முகம் இருந்தால்தான் வருகை. டிவி தலையிலிருந்த கேமராவுக்குக் கதவோரம் தெரியாது. ஒரு படத்திலும் வள்ளித்தாய் இல்லை.

"எத்தன தடவ சொன்னேன் யக்கா, உள்ள வந்து உக்காருங்கன்னு" என்றான் பாலகுரு. சொன்னது ஏசிக்காக, ஆனாலும் சொன்னது சொன்னதுதான். பாவம், அவன் முகமும் சுண்டிப்போயிருந்தது. "ஒரு சான்ஸ் தர்றாங்க. முத வருசம்கிறதால, இது மாதிரி விட்டுப்போனவுகளுக்காக ஒரு வகுப்பு வைக்காக. மெஷினு ரெண்டு தடவ படம் எடுக்கும். ஒண்ணுலயாச்சும் ஒங்க மூஞ்சி இருந்தாப் போதும். கேமராவ ஆடாம அசையாம அப்படியே வைக்கணும்னுட்டாக. நீங்கதான் முன்னால வரணும்."

வீட்டில் சின்னச்சாமிக்கு ஒரே சந்தோஷம். "இம்புட்டுத்தானா? போயி உக்காந்துட்டு வா."

வள்ளித்தாய் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"என்ன புள்ள? மருந்து ரூமுலயே நாள் பூராம் உக்காருத. இது வெறும் டிவிப் பெட்டி."

"அங்கன எனக்குன்னு ஒரு வாசல் இருக்குல்ல" என்றாள்.

அவன் சாப்பிடுவதை நிறுத்தினான். "நான் வந்து கதவப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன். வகுப்பு முடியிறமட்டும் மூட விடமாட்டேன்" என்றான். கோணல் சினிமா பார்த்தே கண் பழுதானவன் அப்படிச் சொன்னபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த ஞாயிறு முன்வரிசை நடு நாற்காலியில் வள்ளித்தாய் உட்கார்ந்தாள். முதுகுக்குப் பின்னால் அத்தனை நாற்காலிகளையும் தாண்டிக் கதவு. அங்கே சின்னச்சாமி லோடு ஆட்டோ ஓட்டும் காக்கிச் சட்டையோடு, கண்ணாடிக் கதவை விரியத் திறந்து பிடித்தபடி நின்றான். துணைக்கு வந்திருந்த பானுப்பிரியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். டிவியில் எழில் வந்தார். அவருக்குப் பின்னால் நீலத் திரைச்சீலை. வேறு வேறு ஊர்க்காரர்கள் சின்னச் சின்னக் கட்டங்களில் தெரிந்தார்கள்.

பாடம் காதில் ஏறவில்லை. ஏசி உறுமினால் திரும்பினாள். மாடிப்படியில் யாரோ ஏறினால் திரும்பினாள். ஒன்றுமே கேட்காதபோது, ஏன் கேட்கவில்லை என்று திரும்பினாள்.

பாதியில் எழில் நிறுத்தினார். "சிவகாசியில முன்னாடி இருக்கறவங்க... வள்ளித்தாய்தானே? முதல் படம் இப்பதான் வந்துச்சு. உங்க சடைதாம்மா விழுந்திருக்கு."

மற்ற ஊர்க்காரர்கள் சிரித்தார்கள். எழிலும் சிரித்துவிட்டுத்தான் கேட்டார்: "யாரைம்மா தேடறீங்க?"

மைக்கைப் பானுப்பிரியா நீட்டினாள். வள்ளித்தாய் முதல் தடவையாக அதில் பேசினாள்.

"கதவப் பாக்கேன் மேடம்."

பானுப்பிரியாவின் ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் தூரத்தில் கேட்டுவந்த அந்தக் குரலை எழில் அடையாளம் கண்டிருக்க வேண்டும். "ஏன்?" என்றார் மெதுவாக.

வள்ளித்தாய் சொன்னாள். யாரிடமும் சொல்லாததை, பார்த்தே இராத ஊரிலிருந்த ஒருத்தியிடம், டிவிப் பெட்டியைப் பார்த்துச் சொன்னாள்.

"நாங்க பட்டாசு வேல மேடம். ஒரு ரூமுக்கு நாலு பேரு, நாலு வாசல். அன்னைக்கி தீபாவளி ஆர்டரு, வைக்க எடம் இல்லாம, எங்கூட வேல பாத்த பாலம்மா வாசல்ல பெட்டிய அடுக்கிட்டாக. அவ, 'சாயந்தரம் லோடு ஏத்திருவாகல்ல, இருக்கட்டும்'னுட்டா. தீப் பிடிச்சதும் நான் என் வாசல்ல வெளிய விழுந்துட்டேன். அவ தன் வாசலுக்குத்தான் ஓடுனா மேடம். பழக்கம். பெட்டியத் தள்ளிக்கிட்டே இருந்தா..."

சிரித்த கட்டங்களில் இப்போது யாரும் சிரிக்கவில்லை. கதவருகே சின்னச்சாமி முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவனுக்கும் இது தெரியாது.

வள்ளித்தாய்தான் மறுபடி பேசினாள்.

"மேடம், நீங்க இருக்க ரூமுல கதவு எங்கன இருக்கு?"

"எனக்குப் பின்னாடிதான்மா, இந்தத் திரைக்கு அந்தப் பக்கம்" என்று சொல்லி எழில் திரையை விலக்கினார். கதவு இருந்தது. அதை மறைத்து நெஞ்சுயரத்துக்குப் புத்தகக் கட்டுகள் அடுக்கியிருந்தன. அவர் தினமும் பக்கத்து அறை வழியாகத்தான் வந்துபோகிறார். அந்தக் கட்டுகள் எப்போது வந்தன என்றுகூட அவருக்கு நினைவில்லை.

"அதை எடுத்துப் போட்டுட்டு உக்காருங்க மேடம்" என்றாள் வள்ளித்தாய். கெஞ்சுகிற குரல். "வகுப்பு போனாலும் போகட்டும். நாங்க இருக்கோம்."

எழில் எழுந்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஒவ்வொரு கட்டாகத் தூக்கினார். யாரையும் கூப்பிடவில்லை. மூச்சு வாங்கும் சத்தம் எல்லா ஊர்களிலும் கேட்டது. கடைசிக் கட்டை ஓரமாகத் தள்ளி, தாழ்ப்பாளை நீக்கி, கதவை அகலத் திறந்தார். பளீரென்ற வெளிச்சமும் ஒரு நடைபாதையும் அதற்கப்பால் ஏதோ மரமும் டிவியில் தெரிந்தன. அப்புறம் வந்து உட்கார்ந்து, திரையை மூடாமலே, கலைந்த தலையோடு பாடத்தைத் தொடர்ந்தார்.

அதன் பிறகு ஏசி உறுமியது, படியில் யாரோ ஏறினார்கள், தெருவில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. வள்ளித்தாய் திரும்பவில்லை.

மெஷின் எடுத்த இரண்டாவது படத்தில் அவள் முகம் நேராக, முழுதாக விழுந்திருந்தது. அந்தப் படத்தால்தான் ஹால் டிக்கெட் வந்தது, ஜூனில் அவள் டீச்சராகவும் ஆனாள். பார்க்கிறவர்களுக்கு அவள் கேமராவைப் பார்ப்பதுபோல்தான் தோன்றும். எழிலின் முதுகுக்குப் பின்னால் திறந்து கிடந்த அந்தக் கதவைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.