பானு கேட்காமல் விட்ட கேள்வி

சீமைக்குப் போக வேண்டும் என்ற ஆசையெல்லாம் பூவாத்தாளுக்குக் கிடையாது. குமாரபாளையத்துக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான். இரண்டுக்கும் நடுவில் வேறு இடமே இல்லாமல் போனது அவள் தலையெழுத்து.

குமாரபாளையத்தில் அவள் புருஷன் இருந்தான். தறிக்காரக் குடும்பம், வசதிக்குக் குறைவில்லை. தலைப்பிரசவத்தில் குழந்தை செத்துப் பிறந்தது. இவளுக்கு இனிப் பிள்ளை தங்காது என்று யாரோ சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, ராசிபுரத்தில் அவள் அண்ணன் ராசு வீட்டில் கொண்டுவந்து விட்டான். விட்ட கையோடு வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான் மகராசன். பூவாத்தாள் அழுது ஓய்ந்து, சேலத்தில் ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா நடத்திய பிரசவ ஆஸ்பத்திரியில் சேர்ந்து நர்ஸ் வேலை கற்றாள். இங்கிலீஷும் அங்கே ஒட்டிக்கொண்டதுதான். சில வருஷம் மூச்சு விட முடிந்தது. முப்பத்தேழாம் வருஷம் ஆஸ்பத்திரியை மூடிவிட்டார்கள். மறுபடியும் அண்ணன் வீடு, தறிக்கு நூல் தார் சுற்றும் ராட்டை.

அந்த நேரம் பார்த்துக் குமாரபாளையத்தில் அவன் இரண்டாவதாகக் கட்டியவள் மூன்றாவது பிள்ளையைச் சுமந்துகொண்டு படுக்கையில் விழுந்தாள். சாதிப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். கட்டினவன் கூப்பிடுகிறான், போய் அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதுதான் முறை என்றார்கள். முறை பேசுகிற வாய்களுக்கு, அவளைத் துரத்தின அன்று பேச்சு வரவில்லை. ராசு நல்லவன்தான், பெரியவர்களுக்கு எதிரில் மட்டும் அவனுக்கு முதுகெலும்பு கிடையாது. ஆவணி பிறந்ததும் கொண்டுவந்து விடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டான். தன் பிள்ளை செத்துப் பிறந்த அதே அறையில் இன்னொருத்தி பிள்ளைக்குத் தொட்டில் ஆட்டுவதா?

டாக்டரம்மா கப்பல் ஏறுவதற்கு முன்னால் ஒரு வழி சொல்லிவிட்டுப் போயிருந்தாள். சீமையில் பிரசவ வைத்தியம் படிக்க ஒரே ஒரு நர்ஸை அனுப்பப் போகிறார்கள். ஆடி மாசம் சேலத்தில் பரீட்சை. எழுத்து வேலை இல்லை. வெள்ளைக்காரர்கள் கேட்பதைப் புரிந்துகொண்டு இங்கிலீஷில் கடகடவென்று பதில் சொல்ல வேண்டும்.

பூவாத்தாள் பேய் பிடித்தவள் மாதிரி படித்தாள். ராட்டை சுற்றினால் இங்கிலீஷ், தண்ணீர் சேந்தினால் இங்கிலீஷ். அண்ணி ராஜம்மாள் மந்திரம் என்று பயந்து, குழந்தைகளை அவள் பக்கம் விடாமல் வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமைதோறும் பஸ் ஏறிச் சேலத்துக்கு, ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்த்த அக்தர் பானுவின் வீட்டுக்குப் போவாள். பானு வீடு கோட்டை என்கிற பகுதியில். பூவாத்தாள் 'பள்ளிவாசல் தெரு' என்பாளே தவிர, கோட்டை என்று சொல்ல மாட்டாள். திருச்செங்கோடும் அவள் வாயில் 'மலையூர்'தான். கட்டினவன் பேர் அவற்றில் கலந்திருந்தது. புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று வளர்த்திருந்தார்கள். பானு மட்டும் என்ன, தன் வீட்டுக்காரரைப் பிள்ளை பேரை வைத்து 'தஸ்லீமோட அத்தா' என்றே சொல்லிப் பழகியவள்.

பானு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நாற்காலியில் துரைசானியாக உட்காருவாள். உன் பேர் என்ன, தகப்பன் பேர் என்ன, எந்த ஊர், காய்ச்சல் கண்ட பிள்ளைத்தாய்ச்சியை எப்படிப் பார்ப்பாய் என்று இங்கிலீஷில் விரட்டிவிரட்டிக் கேட்பாள். தப்பினால் திரும்பக் கேட்பாள். ஆடி பிறந்தபோது எதைக் கேட்டாலும் பூவாத்தாளுக்குப் பதில் நாக்கு நுனியில் இருந்தது.

பரீட்சை அன்று மேஜைக்குப் பின்னால் ஒரு துரையும் துரைசானியும் இருந்தார்கள். இங்கிலீஷ் பரீட்சை என்பதால் தமிழ் தெரிந்த குமாஸ்தாவை வெளியே நிறுத்திவிட்டார்கள். பேர் கேட்டாள் துரைசானி. சொன்னாள். ஊர், தகப்பன் பேர், வேலை, எல்லாம் பானு கேட்டபடியே வந்தன. துரை தலையை ஆட்டிச் சிரித்தார். பூவாத்தாளுக்குக் கப்பலே கண்ணில் தெரிந்தது.

அப்புறம் துரைசானி சாதாரணமாக, உன் கணவன் பேர் என்ன என்று கேட்டாள்.

பூவாத்தாள் பழக்கத்தில் பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். எந்த இடத்திலும் இந்தக் கேள்விக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் பதில் சொல்லிவிடுவார்கள். இங்கே யாரும் இல்லை. துரைசானி, செவிடிக்குச் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்திச் சத்தமாகக் கேட்டாள். அவன் ஆயுசு குறைந்தால் இவளுக்கு என்ன நஷ்டம்? ஒன்றுமில்லை. மனசுக்கு அது தெரியும், நாக்குக்குத் தெரியவில்லை. எங்கள் பக்கத்து வழக்கம் இது என்று எடுத்துச் சொல்லியிருக்கலாம். எல்லோருக்கும் தெரிந்த வழக்கத்தை விளக்கும்படி அவளுக்குத் தமிழிலேயே நேர்ந்ததில்லை, இங்கிலீஷில் எங்கிருந்து வரும்? கடைசியில் ஊரில் சொல்கிற சுற்றுவழியையே இங்கிலீஷில் சொன்னாள். "மலைமேல் ஒரு சாமி இருக்கிறார், அம்மா. அவர்தான்."

துரைசானி துரையைப் பார்த்தாள். உனக்குக் கேள்வியே புரியவில்லை, இன்னும் நன்றாகக் கற்றுக்கொண்டு வா என்று அன்பாகத்தான் சொல்லி அனுப்பினாள்.

வாசலில் காத்திருந்த பானு விஷயத்தைக் கேட்டதும் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "அதைக் கேட்டா உன் மனசு நோகுமேன்னுதான் பூவு, ஒரு நாளும் நான் கேக்கலே," என்றாள். இரண்டு பேரும் தெருவென்றும் பாராமல் அழுதார்கள்.

ஆவணி பிறந்தது. ராசு அவளைக் குமாரபாளையத்துக்குக் கூட்டிப்போனான். தெரு நெடுகத் தறிச்சத்தம். மாமியார் வாசலில் நின்று, சும்மாடு கட்டிக்கொண்டு வேலைக்கு வந்த கூலிக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். உள்ளேயிருந்து அவன் வந்து, "கொல்லைப் பக்கமா வாடி," என்றான்.

பூவாத்தாள் தெரு நடுவிலேயே நின்றாள். பரீட்சை மேஜைக்கு முன்னால் நிற்பதுபோல் நிமிர்ந்து நின்று, தெருமுனை வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"மை ஹஸ்பண்ட்ஸ் நேம் இஸ் செங்கோட்டையன்."

மற்றதெல்லாம் யாருக்கும் விளங்கவில்லை. கடைசி வார்த்தை எல்லோருக்கும் விளங்கியது. பக்கத்து வீடுகளில் தறிகள் நின்றன. பெண்கள் வாசலுக்கு ஓடிவந்தார்கள். தெருவில் நின்று புருஷனைப் பேர் சொன்னவள் இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது என்று கத்திவிட்டு, மாமியார் கதவை அடித்துச் சாத்தினாள்.

இனி ராசிபுரத்திலும் பெரியவர்கள் அவளைச் சேர்க்க விடமாட்டார்கள் என்பது ராசுவுக்குத் தெரியும். காவேரிப் பாலத்தின் பக்கம் வந்ததும் நின்று, "இனி எங்க போவே, சாமி?" என்று தங்கையைப் பார்த்து அழுதான்.

பூவாத்தாள் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த வாய் பரீட்சை அன்னிக்குத் தொறந்திருக்கலாமுங்கண்ணா," என்றாள்.