பரணிலிருந்து இறங்கி முப்பது அடி

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு நவம்பர், மான் வேட்டைக் காலத்தின் கடைசிச் சனிக்கிழமை. மொன்றியலில் இருந்து மூன்று மணித்தியாலம் கார் ஓடினால் வரும் ஒரு சிறிய கிராமத்தில் இது நடந்தது. அப்போது எனக்கு இருபத்தாறு வயது. மருந்துகளைச் சோதிக்கும் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன்.

பக்கத்து மேசையில் வேலை செய்தவள் அந்தக் கிராமத்துப் பெண். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். பதிவேட்டில் பிழை விட்டால் அழிக்கக் கூடாது, ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் கையெழுத்தும் திகதியும் போட வேண்டும் என்று முதல் நாளே எனக்குச் சொல்லித் தந்தவள் அவள்தான். ஒவ்வொரு நவம்பரிலும் ஒரு கிழமை லீவு எடுப்பாள். எதற்கு என்று கேட்டேன். மான் சுட என்றாள், கடைக்குப் போகிறேன் என்பதுபோல. எந்தத் துவக்கு, எவ்வளவு தூரம், எங்கே இருந்து என்று நான் கேட்டுக்கொண்டே போக, "வந்து பாரன்" என்றாள். அவள் பேசியது கியூபெக் பிரெஞ்சு. அதை எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன்.

மொன்றியலில், கார்ட்டியர்வில் பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் அம்மாவுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"மான் சுடவோ? கோயிலுக்கு நடந்து போவம் எண்டால் உனக்குக் கால் நோகும்."

"சுடுறது நானில்லையம்மா. பாக்கத்தான் போறன்."

"பாக்கிற ஆக்களிலையும் வெடி படும். ஞாயிறு பூசைக்கு முந்தி வந்து சேர்."

வெள்ளிக்கிழமை அவள் கிராமத்திலிருந்து வந்து என்னைக் காரில் ஏற்றிக்கொண்டாள். இரவுச் சாப்பாட்டுக்கு அவளுடைய அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். அண்ணன் மரம் வெட்டுபவர். கோடையில் மரம் அரியும் வாள் பட்டு வலது கை தோள்வரை கட்டுப்போட்டிருந்தது. வேலையில்லை. நான்கு பிள்ளைகள். அந்த வீட்டில் வருடா வருடம் குளிர்காலம் முழுவதும் சாப்பிடுவது நவம்பரில் சுடும் மான்தான். இந்த வருடம் துவக்குப் பிடிக்க மிஞ்சியிருந்தது தங்கச்சி இவள் ஒருத்திதான். அவளும் அந்தக் கிழமை முழுக்கக் காத்திருந்து இன்னும் ஒன்றும் கிடைக்கவில்லை. அண்ணனின் மனைவி நிலக்கீழ் அறையில் இருந்த பெரிய குளிர்பெட்டியை வெறுமையாக்கிக் கழுவித் துடைத்து வைத்திருந்தார். இறைச்சி சுற்றுகிற மெழுகுத்தாள் சுருள்கள் குசினி மேசையில் தயாராகக் கிடந்தன.

நான் கொப்பியைத் திறந்து கேள்வி கேட்கத் தொடங்கினேன். அண்ணனுக்குச் சிரிப்பு. ஆனால் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். ஒன்று, காற்று மான் வரும் பக்கமிருந்து நம்மை நோக்கி அடிக்க வேண்டும். இரண்டு, வாசனைச் சவர்க்காரம் போட்டுக் குளிக்கக் கூடாது. மூன்று, விழுந்த அப்பிள்களைப் பரணுக்கு முன்னால் ஒரே இடத்தில் நாள்தோறும் கொட்டிப் பழக்க வேண்டும். நான்கு, தலையிலோ வயிற்றிலோ அல்ல, முன்னங்காலுக்குப் பின்னால் சுட வேண்டும். ஐந்து, வெடி பட்ட மானை உடனே தேடிப் போகக் கூடாது.

ஐந்தாவதை அவர் இரண்டு முறை சொன்னார். துரத்தாமல் விட்டால் மான் கொஞ்சத் தூரத்தில் படுத்துவிடும், படுத்த இடத்திலேயே அமைதியாகச் செத்துவிடும். ஆளைக் கண்டால் பயத்தில் எழுந்து மைல்கணக்கில் ஓடும். ஆகவே ஒரு மணித்தியாலம் அசையக் கூடாது. நான் அதன் கீழ் இரண்டு கோடு இழுத்தேன்.

"இந்தப் பிள்ளை ஒரு மணித்தியாலம் ஆடாமல் இருக்குமோ?" என்று தங்கச்சியிடம் கேட்டார்.

"எங்கடை லாப்பிலை இவளைவிடக் கவனமான ஆள் இல்லை, அண்ணை."

விடியும்போது பரணில் ஏறினோம். மேப்பிள் மரத்தில் பத்தடி உயரத்தில் இரண்டு பேர் இருக்கக்கூடிய பலகைத் தட்டு. இரவு மெல்லிய பனி கொட்டியிருந்தது. செம்மஞ்சள் அங்கி, மூன்று சோடி காலுறை, நான் நகரத்தில் வாங்கிய புதுச் சப்பாத்து. சட்டைப் பையில் என் சின்ன டிஜிட்டல் கமெரா.

இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஒன்றும் வரவில்லை. பிறகு வந்தது. வந்த சத்தம் எனக்குக் கேட்கவேயில்லை. பார்த்தபோது அப்பிள் குவியலடியில் நின்றது, எப்போதும் அங்கேயே நின்றதுபோல. அவள் மூச்சை விட்டு, பாதியில் நிறுத்தி, சுட்டாள். மான் ஒரு முறை துள்ளி, முதுகை வளைத்துக்கொண்டு மரங்களுக்குள் போனது. அறுபது அடி தூரத்தில் படுத்துக்கொண்டது. பரணிலிருந்து தெரிந்தது.

அவள் துவக்கில் மிஞ்சிய குண்டுகளை வெளியே எடுத்தாள். இழுத்துப்போக அண்ணனையும் சறுக்குப் பலகையையும் கூட்டி வர வேண்டும். பின்பக்கப் பாதையால் சத்தமில்லாமல் போவதாகக் காதுக்குள் சொன்னாள். "நீ இஞ்சையே இரு. இறங்காதை."

தலையை ஆட்டினேன்.

இருபது நிமிடம் இருந்தேன். மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்ததால் அது சரியாக நினைவிருக்கிறது. மான் தலையை நிமிர்த்திப் படுத்திருந்தது. அதன் மூச்சு வெள்ளையாகப் புகைந்தது. பரணிலிருந்து ஒரு படம் எடுத்தேன். அதில் மரக்கிளைகள்தான் வந்தன. கொஞ்சம் கிட்டப் போனால் நன்றாக வரும் என்று தோன்றியது. ஐந்தாவது விதி கொப்பியில் இருந்தது, கொப்பி பையில் இருந்தது. நான் இறங்கினேன்.

முப்பது அடி நடந்திருப்பேன். கமெராவைக் கண்ணருகே தூக்கியபோது மான் என்னைப் பார்த்தது. எழுந்தது. முதல் முறை முன்னங்கால்கள் மடங்கின. மறுபடி எழுந்து, வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு ஊசியிலை மரங்களுக்குள் ஓடியது. என் விரல் அப்போதுதான் பொத்தானை அமுக்கியது.

நான் செய்த அடுத்த வேலை, நடந்த அடிகளிலேயே கால் வைத்துத் திரும்பி வந்து பரணில் ஏறி உட்கார்ந்தது.

அவர்கள் வந்தார்கள். அண்ணன் அப்பிள் குவியலடிக்குப் போய், உதிர்ந்த மயிரையும் முதல் இரத்தத்தையும் குனிந்து பார்த்தார். அவள் நேரே என்னிடம், மரத்தடிக்கு வந்தாள். நிலத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மரத்தடியில் இருந்து ஒரு காலை இழுத்து இழுத்து முப்பது அடி தூரம் நடந்து போனாள். குளிரில் விறைத்துக் கால் மரத்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன்.

நானும் இறங்கி அவளுக்குப் பின்னால் போனேன். மான் படுத்த இடத்தில் அண்ணன் வந்து நின்றார்.

"இரத்தம் கறுப்பாக் கிடக்கு. ஈரலிலை பட்டிருக்கு. இதிலேயே செத்திருக்க வேணும். ஏன் எழும்பினது?"

"கொஞ்சம் பின்னுக்குப் பட்டிட்டுது போலை, அண்ணை."

"கொஞ்சமோ? லாப்பிலை தண்ணி ஊத்திற கை. துவக்கு எண்டதும் நடுங்கியிருக்கும்."

"ஓம்," என்றாள்.

இரண்டு பேருக்கும் நடுவில் நான் நின்றேன். வாயைத் திறந்திருந்தால் அந்த ஒரு சொல்லை அவள் சொல்ல வேண்டி வந்திராது.

நாள் முழுவதும் தேடினோம். துளித் துளியாக இரத்தம். பிறகு இருபது அடிக்கு ஒரு துளி. ஓடைக்கரையில் அதுவும் நின்றுவிட்டது. அப்பால் சதுப்பு நிலம், ஆள் இறங்க முடியாது. கட்டுப்போட்ட கையோடு அண்ணன் மூன்று முறை கரை நெடுகப் போய் வந்தார். நான்கு மணிக்கு வெளிச்சம் குறையத் தொடங்கியது.

வீட்டு வாசலில் அவள் தன் வேட்டை அனுமதியோடு வந்த சீட்டை எடுத்தாள். ஒரு வருடத்துக்கு ஒரு சீட்டுத்தான். சுட்ட மானில் அதைக் கட்டிப் பதிவு நிலையத்தில் காட்ட வேண்டும். பைக்கத்தியால் அதை இரண்டாக வெட்டினாள். இனி இந்த வருடம் அவளால் இன்னொரு மான் சுட முடியாது.

"மானில்லாமல் ஏன் வெட்டுறாய்? நாளைக்கும் ஒரு நாள் கிடக்கு. சட்டத்திலை அப்பிடி இல்லை."

"சட்டத்திலை இல்லை. எங்கடை வீட்டிலை அப்பிடித்தானே, அண்ணை. நான் ஒரு மானைச் சாக்காட்டிட்டன்."

அண்ணன் கதவைத் திறந்துகொண்டு போனார். உள்ளே அவர் மனைவி எங்கள் கைகளைப் பார்த்தார். மெழுகுத்தாள் சுருள்களை ஒவ்வொன்றாக எடுத்து அலுமாரியில் திருப்பி வைத்தார். பிறகு எங்களுக்குப் பட்டாணி சூப் சூடாக்கினார். எனக்குத்தான் முதல் கோப்பை. விருந்தாளி அல்லவா.

திரும்பி வரும்போது காரின் சூட்டில் என் சப்பாத்துப் பனி கரைந்து, அடியில் இருந்த நட்சத்திர அச்சு கால்மிதியில் ஈரமாகப் பதிந்திருந்தது. அதைப் பார்த்தபோதுதான் அவள் ஏன் காலை இழுத்து நடந்தாள் என்பது விளங்கியது. அந்தக் காட்டில் அப்படி அச்சுள்ள சப்பாத்து என்னுடையது மட்டும்தான்.

"நான் இறங்கினனான்," என்றேன்.

"தெரியும். அண்ணை மரத்தடிக்கு வராதது நல்ல காலம். உன்னைக் கூட்டிவந்தது நான்."

"பாவமாக் கிடந்தது. அதுதான்."

"பாவமெண்டு நினைச்சிருந்தால் பரணிலையே இருந்திருப்பாய்," என்றாள். குரலில் கோபம் இல்லை. கமெரா என் பையில் இருந்தது. அதைப் பற்றி நான் சொல்லவில்லை.

வீட்டில் அம்மா கேட்டா, "மான் கிடைச்சுதோ?"

"தப்பிட்டுது."

"நல்லதாப் போச்சு. வாயில்லாச் சீவன்." அம்மா மாதா படத்துக்கு முன்னால் ஒரு சிலுவை போட்டுக்கொண்டா. நான் குளிக்கப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை அவள் வழக்கம்போல வந்து, வழக்கம்போல வேலை செய்தாள். அடுத்த நவம்பரில், "வாறியோ?" என்று மறுபடி கேட்டாள். அப்படிக் கேட்க அவளுக்கு என்ன மனம் வேண்டும் என்று இப்போது தெரிகிறது. எனக்கு அந்தக் கிழமை வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். வேலை இருக்கவில்லை.

அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரு வெள்ளை வால், மங்கலாக. யாருக்கும் காட்டியதில்லை, அழிக்கவும் மனம் வரவில்லை. எங்கள் வேலையில் பிழையை அழிப்பதில்லை. எனக்கு அந்த விதியைச் சொல்லித் தந்தவளே என் பிழையைத் தன் காலால் அழித்து, தன்னுடையதென்று ஏற்றுக்கொண்டாள். இன்றும் பதிவேட்டில் ஒரு கோடு இழுத்துப் பக்கத்தில் கையெழுத்துப் போடும் ஒவ்வொரு முறையும், நான் கையெழுத்துப் போடாமல் விட்ட அந்த முப்பது அடிப் பனி என் கண்முன் வந்து நிற்கிறது.