ஒன்றும் இல்லாத போன்

யுத்த காலத்தில் உன்னிச்சையிலிருந்து மட்டக்களப்பு நகரத்துக்குப் போவதென்றால், வாவிக்கு இந்தப் பக்கம் இருந்த சோதனைச்சாவடியைத் தாண்ட வேண்டும். வயல் வட்டையில் அறுவடை நடந்ததால் நான் ஊரில் நின்றேன். தலைப்பிரசவத்துக்காக மனைவி நகர ஆஸ்பத்திரியில். காலையில் அவளுடைய தம்பி செய்தி அனுப்பியிருந்தான்: "அக்காக்குக் கடுமை. கெதியா வாங்க மச்சான்."

சாவடி வரிசையில் எனக்கு முன்னால் நின்ற காத்தான்குடி வியாபாரி, நாங்கள் 'நானா' என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன், திரும்பினார். "தம்பி, இண்டைக்குப் போனையும் திறந்து பாக்கானுகள்."

ஊரில் பகிடிக்காரன் என்று பெயரெடுத்தவன் நான். என் போன் முழுக்க, நாட்டை ஆளும் பெரிய மனிதர்களை நக்கலடித்து நண்பர்கள் அனுப்பியவைதான். தேடித் தேடி அழிக்க நேரமில்லை. எல்லாவற்றையும் அழிக்கவா என்று போன் கேட்டது. அன்றைக்கு என்னிடம் மரியாதையாகக் கேள்வி கேட்டது அது ஒன்றுதான். ஓம் என்று அமர்த்தினேன். மச்சானுடைய செய்தியும் சேர்ந்து போய்விட்டது என்பது, போனைச் சிப்பாயிடம் கொடுத்த பிறகுதான் உறைத்தது. அவ்வளவு கெட்டிக்காரன்!

சிப்பாய் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சிங்களம் தெரிந்த வியாபாரியைக் கூப்பிட்டான்.

"ஒண்டுமே இல்லாத போன் ஏன் வெச்சிருக்காய் எண்டு கேக்கான், தம்பி."

"பொஞ்சாதிக்குக் கடுமை எண்டு செய்தி வந்தது நானா, சொல்லுங்க."

"அது எங்கயாம்?"

"அழிச்சிட்டன்."

"இதையும் நான் சிங்களத்தில சொல்லட்டா? ரெண்டு பேரையும் சேத்துக் கட்டி வெப்பான்."

மச்சானுக்கு அழைத்துப் பார்த்தேன், அவன் எடுக்கவில்லை. புதிதாகச் செய்தி ஏதும் வந்தால் பார்க்கலாம், அதுவரை ஓரமாக நில் என்றான் சிப்பாய்; வாசித்துச் சொல்ல வியாபாரியையும் நிறுத்திக்கொண்டான். களுதாவளைப் பிள்ளையாருக்கு நேர்ந்தேன்: ஒரேயொரு செய்தி, யார் அனுப்பினாலும் சரி, பகிடி மட்டும் வேண்டாம்.

வெயில் ஏறிய பிறகு மேசையில் கிடந்த போன் கிணுங்கியது. பாய்ந்தேன். சிப்பாய் கையை நீட்டித் தடுத்துவிட்டு, வியாபாரியிடம் அதை நீட்டினான். அவர் வாசித்தார். பிறகு என் பக்கம் திரும்பவே இல்லை.

"என்ன நானா?"

சிப்பாய் மேசையைத் தட்டினான். அவர் சிங்களத்தில் மெல்லச் சொன்னார். எனக்குச் சிங்களம் கொஞ்சம்தான் தெரியும். பிள்ளை, செத்துப்போச்சு என்கிற சொற்கள் அந்தக் கொஞ்சத்துக்குள் இருந்தன.

"தாய் சுகமாம் தம்பி," என்றார் தமிழில். "தாய் சுகமாம்."

சிப்பாய் போனைத் தந்து வழியை விட்டான்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் மனைவி என் கையைப் பிடித்தாள். "ஒருத்தரும் சொல்லல்லயே? நான்தான் சொல்லோணும் எண்டு இருந்தன்," என்றாள்.

இல்லை என்று தலையாட்டினேன். ஊரையே சிரிக்கவைத்த இந்த முகத்தை, ஒன்றும் அறியாதவனின் முகமாக அவள் சொல்லி முடிக்கும்வரை வைத்திருக்க முடியவில்லை.