பெட்ரோல் கதவில் காய்ந்த பால்

பிக்கப் வண்டியின் பெட்ரோல் கதவை நெம்பி உடைத்தவன் நான். சூசை அல்ல.

இந்த இரண்டு வரிகளை எழுத எனக்குப் பதினோரு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. நாள் தவறாமல் நாட்குறிப்பு எழுதுகிறவன் நான். மழை தொடங்கிய நேரம், மனைவிக்குக் காய்ச்சல் கண்ட நாள்... எல்லாம் அதில் உண்டு. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும், 'வெயில். விசேஷம் இல்லை' என்றிருக்கிறது.

விசேஷம் இல்லையாம்!

எழுபதுகளின் கடைசியில் மலேசியாவில், சிடாம் கிரி பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். தோட்டத்துக்கு ஒரே பிக்கப். ஓட்டியவர் சூசை. பெட்ரோல் குறைகிறது என்று சந்தேகப்பட்ட மானேஜர், எண்ணெய் ஊற்றும் வாயை மூடியிருக்கும் சிறு தகரக் கதவுக்குப் பூட்டுப் போடச் செய்து, சாவியை என்னிடம் கொடுத்தார். சூசையிடம் கொடுக்கவில்லை. இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வண்டியில் ரப்பர் பால் டிரம்கள் ஏறும். மேடு பள்ளத்தில் குலுங்கும்போது பால் சிந்தி, பக்கவாட்டில் வழிந்து, அந்தக் கதவின் இடுக்கில் இறங்கிக் காய்ந்துவிடும். பிறகு கதவு திறக்காது. சூசை இதை மூன்று முறை என்னிடம் சொன்னார்.

"ஐயா, பெட்ரோல் கதவு ஒட்டிக்குது. வண்டிப் புக்குல எழுதி வைங்க லா. நாளைக்கு ஏதும் ஆச்சுன்னா என் தலையிலதான் விழும்."

எழுதுகிறேன் என்றேன். ஏன் எழுதவில்லை? எழுதினால் வண்டியைப் பட்டறைக்கு அனுப்ப வேண்டும், பால் ஏற்ற வேறு வண்டி தேட வேண்டும். அது என் வேலை. சோம்பல்... வேறு காரணமில்லை.

அந்த ஞாயிறு சூசை பூசைக்காகச் சுங்கைப் பட்டாணி போயிருந்தார். கோலா கெத்திலில் என் தங்கை மகளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். யாரிடமும் கேட்காமல் பிக்கப்பை எடுத்துக்கொண்டு போய் வந்தேன். மைல் கணக்கை எழுதுகிறவனும் நானே! செலவான பெட்ரோலைத் திரும்ப ஊற்றிவிட ஒரு டின் வாங்கி வந்திருந்தேன். என் நேர்மையைப் பாருங்கள்!

சாவி திரும்பியது. கதவு அசையவில்லை. ஸ்குரூடிரைவரை விட்டு நெம்பினேன். பூட்டு உடைந்து, தகரம் வளைந்து, கதவு திறந்தது. அதே நேரம் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம் பேச்சுக்குரல் கேட்டது. ஊற்றாமலேயே டின்னைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் மானேஜர் பார்த்தார். கதவு உடைந்திருக்கிறது, பெட்ரோல் குறைந்திருக்கிறது. சாவி வைத்திருப்பவன் எதற்கு நெம்பப் போகிறான்? சாவி இல்லாதவன்தான் நெம்பியிருப்பான். சூசை மறுத்தார். கதவு ஒட்டிக்கொள்வதை முன்பே கிராணியிடம் சொல்லியிருப்பதாகச் சொன்னார்.

மானேஜர் என் பக்கம் திரும்பினார். "புக்குல இருக்கா?"

ஒரு மாதத்துப் பக்கங்களைப் பொறுமையாகப் புரட்டினேன். "இல்லைங்க," என்றேன்.

நான் சொன்னது உண்மை! அந்த உண்மையால்தான் சூசையின் வேலை போனது. அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் இன்னும் ஏதோ சொல்வேன் என்று காத்திருந்தாரோ...

வேலை போனால் வீடும் போகும். தோட்டத்தைவிட்டுப் போகிறவர்கள் லயத்து வீட்டுச் சாவியைக் கிராணியிடம்தான் ஒப்படைக்க வேண்டும். லாரியில் மனைவியும் பிள்ளைகளும் ஏறியிருக்க, சூசை சாவியை மேசைமேல் வைத்தார்.

"புது டிரைவர் வந்தா சொல்லிடுங்க ஐயா. மண்ணெண்ணெய் தொட்டு இடுக்கைத் துடைச்சா கதவு ஒட்டாது. இதையாச்சும் எழுதி வைங்க. அவனுக்கும் புள்ளகுட்டி இருக்கும்."

'சாவி ஒன்று. பெற்றுக்கொண்டேன்' என்று எழுதினேன். அவர் சொன்னதையும் அதற்குக் கீழே எழுதினேன். புதுக் கதவு ஒரு நாளும் ஒட்டவில்லை.

பெட்ரோல் திருடன் என்று பெயரெடுத்தவருக்கு யார் வண்டி கொடுப்பார்கள்? சுங்கைப் பட்டாணி பசாரில் மூட்டை தூக்குகிறார் என்று கேள்விப்பட்டேன். போன மாதம் போனேன். பார்த்தேன். முதுகில் வெங்காய மூட்டையோடு என்னைக் கடந்து போனார். குனிந்திருந்ததால் என்னைக் கவனிக்கவில்லை. கூப்பிட வாயெடுத்தேன்...

அன்றைய நாட்குறிப்பை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். 'பசார் போனேன். கத்திரிக்காய் வாங்கினேன்' என்றிருக்கிறது.